கப் காவ்: தாய்லாந்துச் சாப்பாட்டைப் பந்தியாகப் பார்ப்பது எப்படி

டாம் யம் சூப்பை நான் முதன்முதலில் குடித்தது சென்னையில் ஒரு தாய்லாந்து உணவகத்தில். நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். பட்டியல் வந்ததும், எந்த ஓட்டலுக்குப் போனாலும் செய்வதைத்தான் செய்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னோம். எனக்கு டாம் யம், தம்பிக்கு பட் தாய் நூடுல்ஸ், தங்கைக்குப் பச்சைக் குழம்பு, மச்சானுக்குப் பப்பாளிக்காய் சாலட். குழம்பு இருக்கிறதே என்று ஒரே ஒரு கிண்ணம் சோறு. நான் சூப்பைக் கரண்டி கரண்டியாகக் குடித்தேன். மூன்றாவது கரண்டியில் புளிப்பு தொண்டையைப் பிடித்தது, நாலாவதில் கட்டை மாதிரி ஏதோ பல்லில் மாட்டியது. மச்சான் சாலட்டை வெறுமனே தின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். குழம்பு இனிக்கிறது என்று தங்கை பாதியில் வைத்துவிட்டாள். நமக்கு இது ஒத்துவராது என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம்.

ஊருக்கு வந்ததும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் இருக்கும் காக்காவிடம் இதைச் சொன்னேன். வயதில் மூத்தவரை, அண்ணன் முறையில், எங்கள் பக்கம் காக்கா என்போம். பாங்காக்கில் இருபது வருடத்துக்கு மேல் நவரத்தினக் கல் வியாபாரம் பார்த்தவர் அவர். கீழக்கரைக்கு இது புதிய பழக்கம் கிடையாது. முத்து, மாணிக்கம் என்று கடல் தாண்டிப் போய் வியாபாரம் பார்ப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பது. பாங்காக்கில் சீலோம் சாலைப் பக்கம் நவரத்தினக் கடைகள் நெருக்கமாக இருக்கும். அதே சாலையில்தான் மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, பக்கத்துச் சந்தில் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கிறது. காக்கா அங்கே தங்கி, சனி ஞாயிறில் கல் சந்தை கூடும் சந்தபுரிக்குப் போய் வந்து, அந்த ஊர்க்காரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சோறு எத்தனை சொன்னீங்க?"

"ஒண்ணு."

"அப்ப நீங்க சாப்பிடவே இல்லை தம்பி. ஆணத்தை மட்டும் குடிச்சிட்டு வந்திருக்கீங்க."

ஆணம் என்றால் எங்கள் பக்கம் குழம்பு. அதன் பிறகு ஒரு மாதம் போல, பார்க்கும்போதெல்லாம் அவர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் சமைத்தும் போட்டார். அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை தாய்லாந்து உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். பாங்காக்கில் சொந்தக்காரர்கள் இருந்து, ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் எங்கள் கரையில் நிறைய. அவர்களுக்கும்தான்.

தாய்லாந்து மொழியில் 'காவ்' என்றால் சோறு. அரிசிக்கும் நெல்லுக்கும்கூட அதே சொல்தான். சாப்பிடுவதற்கு அவர்கள் 'கின் காவ்' என்கிறார்கள், அதாவது சோறு தின்பது. வழியில் தெரிந்தவரைப் பார்த்தால் 'கின் காவ் ரு யாங்?' என்று விசாரிப்பார்கள். நாம் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறோமே, அதே கேள்வி, அதே பாசம். சோறு தவிர மேசையில் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் உண்டு. அதுதான் 'கப் காவ்'. 'சோற்றோடு' என்பது அதன் நேர்ப்பொருள். மீனும் கறியும் கீரையும் சூப்பும் எல்லாமே 'சோற்றோடு' தான்.

இந்த ஒரு சொல் பிடிபட்டால் பாதி விளங்கிவிடும். கப் காவில் போடும் உப்பும் புளிப்பும் காரமும் ஒரு வாய்ச் சோற்றைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டவை. நம் வீட்டு மீன் குழம்பை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் யாராவது குடிப்பார்களா? பருப்புத் துவையலை உருண்டை பிடித்து வெறும் வாயில் போட்டால், உப்பு அதிகம், காரம் அதிகம் என்றுதான் சொல்வோம். அப்படிச் சாப்பிட்டுவிட்டுத் தமிழ்ச் சாப்பாடு ஒத்துவராது என்று ஒரு வெளியூர்க்காரர் சொன்னால் நமக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும். நான் சென்னையில் செய்தது அதுதான்.

அடுத்தது, கப் காவ் தனியாக வருவதில்லை. ஒரு வேளைக்குச் சேர்த்து வைக்கும் கூட்டத்துக்கு 'சம்ரப்' என்று பெயர். முன்பெல்லாம் வட்டத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக வைத்து, பாயில் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலப் பதார்த்தங்களைச் சேர்ப்பார்கள். ஒன்று புளிப்பும் காரமுமாக இருந்தால், பக்கத்தில் தேங்காய்ப்பால் போட்ட ஒன்று கொழகொழப்பாக இருக்கும். ஒன்று தண்ணீராக இருந்தால் இன்னொன்று வறுவலாக இருக்கும். நாக்கு எரிகிறபோது போய் நிற்பதற்கு, காரமே இல்லாத ஒன்றும் கட்டாயம் இருக்கும். நம் வீட்டில் மட்டும் என்ன, நண்டுக் குழம்பைக் காரமாக வைத்த அன்றைக்குப் பக்கத்தில் ஓர் ஆம்லேட்டோ முருங்கைக்கீரைப் பொரியலோ தானாக வந்து உட்காருகிறது. யாரும் எழுதி வைத்துக்கொண்டு செய்வதில்லை, கை பழகிய கணக்கு. ஆகவே அந்த ஊர்ச் சமையலை ஒரு பதார்த்தத்தைக் கொண்டு எடை போட முடியாது. பந்தி முழுவதையும் பார்க்க வேண்டும்.

கீழக்கரைக்காரர்களுக்குப் பகிர்ந்து சாப்பிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். கல்யாண வீட்டில் சகன் வைத்து, ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். தாய்லாந்தில் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. சோறு அவரவர் தட்டில், மற்றவை எல்லாம் நடுவில், எல்லாருக்கும் பொதுவில். நம் இலைச் சாப்பாட்டுக்கும் சகனுக்கும் இடையில் உள்ள ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஜும்மா முடிந்து காக்கா வரும்போது மணி இரண்டாகப் போகிறது. அவர் மனைவி, எனக்கு மச்சி, அதற்குள் சோறு வடித்து வைத்திருந்தார். நாலு பேருக்கு ஐந்து பதார்த்தம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாயில் வைத்தார்கள். முதலில் சூப், அப்புறம் மற்றவை என்ற வரிசையே கிடையாது.

காக்கா என் கையைப் பிடித்து முதலில் காட்டியது, எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த ஒரு கிண்ணத்தை. 'நாம் ப்ரிக் கபி' என்று பெயர். நாம் ப்ரிக் என்பது துவையலுக்கும் தொக்குக்கும் இடைப்பட்டது. கபி என்பது பொடி இறாலை உப்புப் போட்டு ஊறவைத்து, இடித்து, வெயிலில் காயவைத்துச் செய்யும் விழுது. நம் சென்னாக்கூனியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது ஈரமாக, கருத்த ஊதாவாக, வாசனை பல மடங்காக இருக்கும். அதை வாழையிலையில் மடித்து மச்சி தோசைக்கல்லில் சுட்டார். தெருவில் போன பையன் ஒருவன் நின்று வீட்டைப் பார்த்தான். அப்புறம் சின்ன உரலில் பூண்டு, ஊசி மிளகாய், சுட்ட கபி, துளி கருப்பட்டி, எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாகப் போட்டு இடித்தார். கடைசியில் ஒரு பிடி பச்சைச் சுண்டைக்காயை அப்படியே போட்டு ஒரே ஒரு தட்டு. சுண்டைக்காயை நாம் மோரில் ஊறவைத்து வற்றலாகப் போடுவோம், குழம்பில் போடுவோம். அவர்கள் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். பச்சைக் குழம்பில் மிதக்கும் பட்டாணி போன்ற உருண்டைகளும் இதே சுண்டைக்காய்தான் என்று காக்கா சொன்னபோது, சென்னையில் தங்கை அதையெல்லாம் ஒதுக்கி வைத்தது நினைவுக்கு வந்தது.

இதற்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய், அவித்த முட்டைக்கோஸ், நீளமான பயற்றங்காய், அப்புறம் பொரித்த கானாங்கெளுத்தி. அங்கே இதற்கு 'ப்ளா தூ' என்ற மீன் வேண்டும். அது நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொந்தம், அளவில் கொஞ்சம் சின்னது. சந்தையில் அதை அவித்து மூங்கில் கூடையில் விற்பார்கள். கூடைக்குள் அடங்குவதற்காகத் தலையை வளைத்து வைத்திருப்பார்கள் என்று காக்கா தன் கழுத்தை மடக்கிக் காட்டினார். பெரிய பெரிய உணவகங்களின் பட்டியலில் இந்த நாம் ப்ரிக் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு மூலையில் இருக்கும். ஆனால் அந்த ஊர் வீடுகளில் பல காலமாக அன்றாடச் சாப்பாடு இதுதான்: சோறு, ஒரு நாம் ப்ரிக், கொஞ்சம் காய், ஒரு மீன். பட்டியலில் கண்டால் கட்டாயம் கேளுங்கள். கருவாட்டு மணத்தில் வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகும்.

அடுத்த கிண்ணம் டாம் யம் குங். பெயரைப் பிரித்தாலே விவரம் தெரிகிறது. டாம் என்றால் கொதிக்கவைத்தது, யம் என்றால் புளிப்பும் காரமுமாகக் கலந்தது, குங் என்றால் இறால். 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்தப் பதார்த்தத்தைத்தான். இதில் மூன்று வாசனைப் பொருள்கள் உண்டு. எலுமிச்சம்புல் ஒன்று. இஞ்சி போலவே இருந்து இஞ்சியாக இல்லாத கிழங்கு ஒன்று; அதை அவர்கள் 'கா' என்கிறார்கள், நமக்குப் பேரரத்தை. மூன்றாவது, மக்ரூத் என்ற எலுமிச்சை வகையின் இலை, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியது போல் இரட்டையாக இருக்கும். நம் நாரத்தை இலைக்குக் கிட்டத்தில் வரும் மணம். நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீடுகளில் இந்த மணம் பழக்கமாக இருக்கும்.

எலுமிச்சம்புல் காக்கா வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறது. மக்ரூத் இலை அவர் கொண்டுவந்து வைத்திருந்த காய்ந்த இலை. பேரரத்தை நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது. "காய்ஞ்ச சரக்கு, பச்சைக்கிழங்கு வாசம் வராது" என்று அவருக்குக் குறைதான். சென்னையில் என் பல்லில் மாட்டியதும் இந்தப் பேரரத்தைத் துண்டுதான். மூன்றையும் மெல்லக் கூடாது. பிரியாணியில் பட்டையையும் ஏலக்காயையும் ஒதுக்குவது போல் ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். முதல் தடவை போகிறவர்களிடம் இதை யாராவது சொல்லிவிட வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். இறால் சிவந்ததும் மச்சி அடுப்பை அணைத்தார், அதன் பிறகுதான் எலுமிச்சை பிழிந்தார். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துபோகும், மணமும் போய்விடும். எலுமிச்சை ரசத்துக்கு நாம் வைத்திருக்கும் அதே விதி.

டாம் யம்மைச் சாப்பிடும் முறையும் என் கைக்கு வந்தது. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, ஒரு வாய் சோறு, ஒரு மிடறு சூப், அப்புறம் மீனில் ஒரு துண்டு. தொண்டையைப் பிடித்த அதே புளிப்பு இப்போது வாயைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்தது.

மூன்றாவதாக மசமன் குழம்பு, ஆட்டுக்கறி போட்டது. பெயரில் இருப்பது முஸ்லிம் என்ற சொல்தான். கடல்வழி வந்த முஸ்லிம் வணிகர்களின் கைமணம் கலந்த குழம்பு என்பதை அதில் போடும் சரக்கே சொல்லிவிடும். பட்டை, கிராம்பு, ஏலம், சீரகம், மல்லி எல்லாவற்றையும் வறுத்து அரைக்கிறார்கள். மற்ற தாய்லாந்துக் குழம்புகளில் இவ்வளவு வறுத்த சரக்கு கிடையாது. அதோடு புளி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு. மிளகாய்க்குக் காக்கா ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் போட்டிருந்தார். அங்கே குழம்பு விழுதுக்கு நிறமும் மணமும் தரும் பெரிய வற்றல் மிளகாயைத்தான் ஊறவைத்து அரைக்கிறார்கள், எரிப்புக்கு வேறு மிளகாய். அந்த இடத்தில் முண்டு சரியாகப் பொருந்தியது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மிளகாய் தாய்லாந்துக் குழம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் குழம்பில்தான் சமையல்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாம் தேங்காய்ப்பாலை எப்படிச் சேர்ப்போம்? இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடுவோம். பால் திரிந்துவிட்டால் சமைத்தவருக்கு முகம் வாடிவிடும். அவர்கள் நேர்மாறு. கெட்டியான முதல் பாலை முதலில் சட்டியில் ஊற்றி, அது திரிந்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சுகிறார்கள். அந்தத் தேங்காய் எண்ணெயிலேயே அரைத்த விழுதைப் போட்டு வதக்குகிறார்கள். தண்ணிப்பால் அப்புறம்தான். அதனால்தான் மேலே சிவப்பாகவோ பச்சையாகவோ எண்ணெய் மிதக்கிறது. சென்னையில் அந்த எண்ணெயைப் பார்த்து, பழைய குழம்பைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் சந்தேகப்பட்டோம். நல்ல கைப்பக்குவத்துக்கு அடையாளமே அதுதான் என்று காக்கா சொன்னார். மச்சிக்கு மட்டும் பால் திரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு இன்னும் மனம் ஒப்பவில்லையாம்.

மற்ற இரண்டும் எளியவை. எலுமிச்சையும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு ஆவியில் வேகவைத்த கொடுவா. தாய்லாந்து உணவகங்களில் முழு மீனாக வருவது பெரும்பாலும் இதே கொடுவாதான், பெயர் மட்டும் வேறு. அப்புறம் பூண்டு தட்டிப் போட்டுக் கடுந்தீயில் ஒரு புரட்டு புரட்டிய வள்ளைக்கீரை. கண்மாய் ஓரத்தில் கொடியாகக் கிடந்தும் நம்மில் பலர் கண்டுகொள்ளாத கீரை. அங்கே அது அடிக்கடி மேசைக்கு வரும்.

சமையலறையில் காக்கா வைத்திருந்த இரண்டு பொருள்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் முழுமையாகாது. ஒன்று 'நாம் ப்ளா'. நாம் என்றால் நீர், ப்ளா என்றால் மீன். நெத்திலி போன்ற சிறு மீனை உப்போடு சேர்த்துத் தொட்டியில் அடைத்து, ஒரு வருடமோ அதற்கு மேலோ வைத்திருந்து வடிக்கும் நீர். பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும். என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் பாம்பன் பக்கம் கருவாடு காயும் இடத்தில் பேருந்து நிற்கும்போது வரும் வாடை வந்தது. அது போனதும் வெறும் உப்பு, உப்புக்கு அடியில் கறிச்சாறு போல ஓர் ஆழமான ருசி, நாக்கின் ஓரங்களில் வெகுநேரம் நின்றது. தாய்லாந்துச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதுதான். நெத்திலியை நாம் வெயிலில் காயவைத்தோம், அவர்கள் தொட்டியில் அடைத்தார்கள். கரைக்குக் கரை வழி வேறாகப் போயிருக்கிறது.

மற்றொன்று பனைவெல்லம். பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் போனால் வரும் பெட்சபுரி மாகாணம் பனைவெல்லத்துக்குப் பெயர் போனது. வயல் வரப்புகளில் வரிசையாக நிற்பது நம் அதே பனைமரம். "முதல் தடவை ஜன்னல் வழியாப் பார்த்தப்ப தேவிபட்டினம் பக்கம் வந்துட்டேனோன்னு இருந்துச்சு" என்றார் காக்கா. அவர்களுடைய வெல்லம் வெளுத்த நிறம், இளகலாக இருக்கும். நம் கருப்பட்டி கறுப்பு, காரல் கொஞ்சம் தூக்கல். அதனால் அவர் பாதி அளவுதான் போடுகிறார். தாய்லாந்துக் குழம்பு இனிக்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வத்தக்குழம்பு இறக்கும்போது நம் அம்மாக்கள் ஒரு துண்டு வெல்லம் போடுவார்கள். அது இனிப்புக்காக இல்லை. புளியையும் காரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து வைப்பதற்காக. அங்கேயும் அதே வேலைதான், அளவு ஒரு பிடி கூடுதல்.

இனி சாப்பிடும் விதம். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டியால் சோற்றையும் கறியையும் கரண்டிக்குள் தள்ளி, கரண்டியால் சாப்பிட வேண்டும். முள்கரண்டி வாய்க்குப் போகாது. கத்தி தேவையில்லை, கறியும் காயும் ஒரு வாய்க்கு அளவாக வெட்டித்தான் சமைப்பார்கள். குச்சி வைத்துச் சாப்பிடுவது நூடுல்ஸுக்கு மட்டும். அது சீனர்களிடமிருந்து வந்தது. இந்தக் கரண்டிப் பழக்கம்கூட 19ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் தொடங்கி வெளியே பரவியதுதான். அதற்கு முன் அவர்களும் கையால் சாப்பிட்டவர்கள்தான். வடக்கிலும் வடகிழக்கிலும் ஒட்டும் பசையரிசிச் சோற்றை இன்றும் கையால் உருட்டி, குழம்பில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். காக்கா வீட்டில் நாங்கள் கையால்தான் சாப்பிட்டோம்.

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. நடுவில் இருக்கும் பதார்த்தத்தில் இருந்து ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ கரண்டி மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று பொதுக்கரண்டி இருக்கும், நம் கரண்டியை விடக் கூடாது. எடுத்ததைச் சோற்றோடு சாப்பிட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தட்டு நிறைய எல்லாவற்றையும் குவித்துப் பிசைந்தால் அவமரியாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ருசிதான் கெடும். புளிப்பு, கொழுப்பு, உப்பு, மறுபடி புளிப்பு என்று நாக்கு மாறி மாறிப் போவதற்காகவே அத்தனை கிண்ணங்கள். நல்ல துண்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் தட்டில் வைப்பதும் அங்கே உண்டு. கொடுவாவின் கன்னச் சதையைக் காக்கா என் தட்டில்தான் வைத்தார்.

உணவகத்தில் எப்படிச் சொல்வது என்பதற்கு அவர் கொடுத்த கணக்கு எளிது. ஒருவர்தான் சொல்ல வேண்டும். தலைக்கு ஒரு பதார்த்தம், கூட்டம் சின்னதாக இருந்தால் மேலே ஒன்று. சோறு மட்டும் ஆளுக்கு ஒன்று, அதில் கஞ்சத்தனம் கூடாது. நாலு பேர் என்றால் தண்ணீராக ஒன்று, தேங்காய்ப்பால் குழம்பு ஒன்று, மீனோ கறியோ வறுவலாக ஒன்று, கீரையோ காயோ ஒன்று, காரமும் புளிப்புமான சாலட் ஒன்று. இரண்டு தேங்காய்ப்பால் குழம்பு சொன்னால் வயிறு திம்மென்று ஆகிவிடும். மூன்று காரம் சொன்னால் மூன்றின் ருசியும் தெரியாது. காரமான சாலட் சொன்னால் கூடவே 'கை சியவ்' என்ற ஆம்லேட்டையும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த எண்ணெயில் உப்பிப் பொரிந்து வரும். குழந்தைகள் முழுச் சோற்றையும் அதை வைத்தே சாப்பிட்டுவிடும். அந்த ஊர்க் குடும்பங்கள் இதை மறக்கவே மாட்டார்கள் என்றார் காக்கா.

பட் தாய் இந்தக் கணக்கில் வராது. அது தனித்தட்டுச் சாப்பாடு, நம் ஊரில் அவசரத்துக்கு ஒரு பரோட்டா சாப்பிட்டுப் போவது மாதிரி. 1940களை ஒட்டி, பிபுன் சொங்கிராம் பிரதமராக இருந்த காலத்தில் அரசே ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பதார்த்தம் அது. நன்றாகத்தான் இருக்கும், தனியாகப் போகிற அன்றைக்குச் சாப்பிடலாம். நூடுல்ஸ் கடைகளில் மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், நாம் ப்ளா என்று நாலு டப்பா இருக்கும். அவரவர் ருசிக்குப் போட்டுக்கொள்ள வைத்தவை அவை, போட்டால் சமைத்தவர் வருத்தப்பட மாட்டார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'காய்கறி' என்று எழுதியிருந்தாலும் அதில் நாம் ப்ளாவோ கபியோ சிப்பிச் சாறோ இருக்கக்கூடும். கேட்காமல் சாப்பிட வேண்டாம். தாய்லாந்திலேயே என்றால் 'ஜே' என்று கேட்க வேண்டும். மீன், முட்டை, பால் எதுவும் சேராது, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக இருக்கும் கடைகள் அவை. முஸ்லிம்கள் ஹலால் முத்திரையைப் பார்த்துப் போகலாம், பாங்காக்கில் அப்படிக் கடைகள் ஏராளம், தெற்கு மாகாணங்களில் இன்னும் அதிகம். காரம் வேண்டாம் என்றால் 'மை பெட்'. ராமநாதபுரத்துக்காரருக்குக் காரம் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய குட்டி மிளகாய்க்கு 'ப்ரிக் கீ நூ', எலிப்புழுக்கை மிளகாய் என்று பெயர். அளவுதான் அப்படி. நம் காரம் வயிற்றில் போய்ச் சூடாக நிற்கும், அது நாக்கின் நுனியிலேயே ஊசியாகக் குத்தும்.

இதில் பணம் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. அங்கே வயதில் மூத்தவரை 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைக்கிறார்கள், சொந்தமாக இல்லாவிட்டாலும். நம் காக்கா, தம்பி போலத்தான். சேர்ந்து சாப்பிட்டால் பெரும்பாலும் பீ தான் கொடுப்பார், அல்லது கூப்பிட்டவர் கொடுப்பார். ஆளுக்கு ஒன்று சொல்லி ஆளுக்குக் கணக்குப் பிரிக்கும் பழக்கத்துக்கு இந்தச் சாப்பாடே இடம் கொடுக்காது. நடுவில் இருந்த மீனில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யார் எண்ணுவது?

போன மாதம் அதே நாலு பேர் சென்னையில் அதே மாதிரி ஓர் உணவகத்துக்குப் போனோம். பட்டியலை நான் மட்டும் வாங்கிக்கொண்டேன். நாலு சோறு, டாம் யம், மசமன், எலுமிச்சை போட்ட கொடுவா, வள்ளைக்கீரை, பப்பாளிக்காய் சாலட். டாம் யம்தான் முதலில் வந்தது. தங்கை கரண்டியை உள்ளே விடப்போனாள். சோறு வரட்டும் என்று தடுத்தேன். சோறு வந்தது, ஆவி பறக்க. மச்சான் சாலட்டில் கொஞ்சமாக எடுத்துச் சோற்றின் ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி எடுத்தார். அதன் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. வள்ளைக்கீரையை இரண்டாவது தடவையும் வரவழைத்தோம்.

வெளியே வந்து காக்காவுக்குப் போன் போட்டேன். என்னென்ன சொன்னாய் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தார். முடித்ததும் கேட்டார்:

"ஆம்லேட்?"

மறந்தே போயிருந்தேன்.